ஜன்னலோரப் பொம்மை

எங்கள் தையல் கடையின் கண்ணாடி ஜன்னலருகே இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்று பஞ்சடைத்த துணிப் பொம்மை, பள்ளிப் பிள்ளை உயரம். இன்னொன்று என் அக்கா மகள். யார் எது என்று தெருவில் போகிறவர்களுக்குக் குழப்பம் வந்தது மாத்திரைக்குப் பிறகுதான்.

அதற்கு முன் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்ததே நான்தான். பட்டன் டப்பாவைக் கவிழ்ப்பாள், கொட்டிய பட்டன் மேலேயே சறுக்குவாள், பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போவாள். வகுப்பு ஜன்னலில் ஏறிக் குதித்த அன்று, இன்னொரு தடவை நடந்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஏறி இறங்காத பள்ளி இனி பாக்கி இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு என்றார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. "பசி குறையலாம், ரொம்ப மந்தமாகலாம். அப்படித் தெரிஞ்சா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். அக்காவும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

மாத்திரை வேலை செய்தது. வம்பே அதுதான்.

பள்ளியிலிருந்து பாராட்டு வந்தது. சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வந்தது. சாயங்காலம் பொம்மைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பம்பரம் தெருவைப் பார்க்கும். பார்க்கும் என்றா சொன்னேன்? கண் திறந்திருக்கும், அவ்வளவுதான். கூப்பிட்டால் முதலில் கண் திரும்பும். முகம் கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மாள், "இந்தப் பொம்மை போட்டிருக்கிற யூனிஃபார்ம் என்ன விலைங்க?" என்று பம்பரத்தின் காலரைத் தொட்டாள். பம்பரம் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அந்த அம்மாள் கைப்பையைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, டாக்டருக்கு ஃபோன் பண்ணு" என்றேன்.

"நீ சும்மா இருடி. டீச்சர் இப்பதான் சிரிச்ச மூஞ்சியோட பேசறாங்க. மாத்திரைய நிறுத்துன்னு சொல்லிட்டா நான் எந்த ஸ்கூல் வாசல்ல போய் நிப்பேன்?"

"அவ பாவாடை இடுப்ப மறுபடி உள்ள புடிச்சுத் தச்சிருக்கியே, அது தெரியலயா?"

"துணி தளர்ந்திருக்கும்."

தொட்டுப் பார்த்தே துணியின் ஜாதகத்தைச் சொல்கிறவள், பிள்ளை இளைத்ததற்குத் துணியின் மேல் பழி போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளி நாடகத்துக்கு உடை தைக்கும் வாரம் அது. மேக வேஷம்: தலையோடு மூடும் வெள்ளை அங்கி. அக்கா எப்போதும் உடையைப் பொம்மைக்கு மாட்டி, வாய் நிறையக் குண்டூசியோடு பின்னால் மண்டியிட்டு, விரலால் தடவியபடி ஊசியை நேராகப் பஞ்சுக்குள் இறக்குவாள். பொம்மைக்கு வலிக்கவா போகிறது? அன்று பொம்மையின் தோள் பிரிந்திருந்ததால் தைக்க உள்ளே தூக்கிப் போனேன். அதற்குப் பதிலாகப் பம்பரத்துக்கு அங்கியை மாட்டி அதே இடத்தில் நிற்க வைத்தேன். "பொம்மைய எடுத்துட்டுப் போறேன்" என்று அக்காவிடம் கத்தியும் சொன்னேன். மெஷின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்கா மண்டியிட்டு மும்முரமாக ஊசி இறக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என் இடுப்பிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் நிற்பதைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. வெள்ளைத் துணியில், ஊசி இறங்கிய இடங்களில் சின்னச் சின்னதாகச் சிவப்பு பூத்தது.

வாயிலிருந்த ஊசியெல்லாம் தரையில் கொட்டின. அக்கா முக்காட்டை விலக்கினாள்.

"கண்ணு... வலிக்கலயா?"

"வலிச்சுது."

"ஏன்டி கத்தல?"

பம்பரம் யோசித்தது. "கத்தணும்னுதான் இருந்துச்சு. எங்கேர்ந்து கத்தணும்னு தெரியலம்மா."

அவளுக்கும் சேர்த்து அக்கா கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது. அதே மூச்சில் டாக்டருக்கு ஃபோன் போட்டாள்.

"இவ்ளோ நாள் ஏன் சொல்லல? இந்த மாத்திரை அளவு பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று அவர் கடிந்துகொண்டார். மறுநாளே வரச்சொல்லி, எடை பார்த்து, அளவைக் குறைத்தார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்றார். ஸ்கூல் என்ன சொல்லும் என்று அக்கா அன்று கேட்கவே இல்லை.

இப்போது பள்ளியிலிருந்து புகார் வருகிறது, தாங்கக்கூடிய புகார்தான். டப்பா பாதியாவது காலியாகிறது. பட்டன் மறுபடி கொட்டுகிறது, பொறுக்குகிற தலையெழுத்து என்னுடையது.

அக்காதான் மாறிவிட்டாள். பொம்மைக்கு ஊசி இறக்கும் முன் அதன் கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

நேற்றும் கேட்டாள். பொம்மைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பம்பரம் குரலை மாற்றி, "ஐயோ, வலிக்குது!" என்றது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பொம்மையின் முகத்தையே பார்த்து "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள்.