மூன்று மடங்கில் ஒரு மனிதன்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகள் ஹனா இன்று விடியும் முன் நீல மலைக்கு மான் வேட்டைக்குப் போயிருக்கிறாள். தனியாக, முதல் தடவை. அவள் அப்பா டகல் அதே மலையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அவள் இறங்கி வரும் வரை என் கைக்கு ஒரு வேலை வேண்டும். அவள் துப்பாக்கி மேல் பொருத்த ஸ்கோப், அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கப் போன மாலையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘மலை அன்று நீலமாக…’ (விட்டுவிட்டேன். மலை தினமும் நீலம்தான்.)

அடுத்தது: ‘டகலைச் சுட்டவன் நல்ல மனிதன்’

முற்றுப்புள்ளி வைக்கக் கை வரவில்லை.

2.

ஐலாவின் கடையில் ஒரு சுவர் முழுக்கத் துப்பாக்கி, எதிர்ச் சுவர் முழுக்கத் தூண்டில், நடுவில் ஐஸ்கிரீம் பெட்டி. கடைக்கு வெளியே காரை நிறுத்தியதும் ஹனா சொல்லிவிட்டாள்.

“நீ சரின்னு சொன்னாத்தான்மா வாங்குவேன். ஆனா எனக்காகச் சரின்னு சொல்லாத. நீயே கண்ண வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு.”

ஐலா ஐஸ்கிரீம் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டு ஒரு ஸ்கோப்பை எடுத்தாள்.

“நேத்துலருந்து உள்ள கெடக்கு. வெளிப்பக்கம் தொடச்சுட்டுப் பாரு கண்ணு. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி புடிச்சிருந்தா குப்பையில போடு. புடிக்கலன்னா மழையில நம்பிக் கொண்டுபோலாம்.”

“அத்தை, இதுல வெனிலா ஒட்டியிருக்கு.”

“நக்கிக்கோ. அதுக்குத் தனிக் காசு இல்ல.”

பதினாறு மடங்கு பெரிதாகக் காட்டுவது ஒன்று அலமாரியில் இருந்தது. ஹனா அதைக் கேட்டாள்.

“எதுக்குடி? நிலாவுல மான் சுடப் போறியா? மொதல்மொதல்ல வாங்குறவளுக்கு மூணுலருந்து ஒம்பது மடங்கு போதும். கண்ணுலருந்து நாலு விரல் தள்ளி வெச்சாலும் முழு வட்டமாத் தெரியுதா, அதப் பாரு. இல்லன்னா, துப்பாக்கி ஒதைக்கிறப்ப புருவத்தக் கிழிச்சிரும்.”

[இந்த ஐலா மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு வேடிக்கையாகவா பேசினாள்? பேசினாள். ஆனால் பேசிய நேரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை எழுதினால் சிரிப்பு போய்விடும் என்று முதல் பிரதியில் விட்டுவிட்டேன்.]

3.

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் கண்ணாடியைப் பற்றிப் பேச வேண்டும்.

மடங்கு கூடினால் நன்றாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மடங்கு கூடக்கூடக் கண்ணுக்குத் தெரியும் வட்டம் சுருங்குகிறது. அந்தி வெளிச்சத்தில் படமும் மங்குகிறது. டகல் இறந்த மாலை, அவனுடைய பள்ளித் தோழன் ஃபின்லே தன் ஸ்கோப்பில் மடங்கைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை ஒன்பதில் வைத்திருந்தான். மரங்களுக்கு நடுவே அவனுக்கு ஒரு பழுப்புத் தோள் தெரிந்தது. வட்டம் நிறையத் தோள். அது மானின் தோளா, டகலின் பழுப்புக் கம்பளிச் சட்டையா என்று சொல்ல அந்த வட்டத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

அதன் பிறகு நான் ஃபின்லேயோடு பேசியதில்லை. இந்தச் சின்ன ஊரில் ஒருவரோடு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

4.

“இப்ப நீ பாரும்மா” என்று ஹனா ஸ்கோப்பை நீட்டினாள்.

கடை வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்தேன். விளக்குப் போடாத நேரம். மலையிலிருந்து மூடுபனி இறங்கி, தெரு பாதி கரைந்திருந்தது. வளையம் ஒன்பதில் இருந்தது. வட்டத்துக்குள் ஒரு பழுப்புத் தோள். லேசாகச் சரிந்த இடது தோள். மரக்கட்டை சுமந்து சுமந்து சரிந்தது. அந்தச் சட்டையை நான் துவைத்திருக்கிறேன். அவன் திரும்பி வந்துவிட்டான், ரொட்டிக்கடை வாசலில் நிற்கிறான், பசியாக இருப்பான். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

சந்தேகமே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“என்னம்மா தெரியுது?”

வளையத்தை மெல்லத் திருப்பினேன். எட்டு. ஆறு. தோளுக்கு ஒரு கழுத்து வந்தது. நான்கு. ஒரு கையும், கையில் பாதி தின்ற, இறைச்சி அடைத்த ரொட்டியும். மூன்று. தெருவும் விளக்குக் கம்பமும் சூழ, முழு ஆளாக, சின்னதாக, ஃபின்லே.

“ஒரு மனுஷன்” என்றேன்.

5.

இந்த இடத்தில் கதை என்னை ஒன்றிரண்டு பொய் சொல்லச் சொன்னது. நான் தெருவைக் கடந்து அவன் கையைப் பிடித்தேன் என்று ஒரு பிரதி. அவன் அழுதான் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். எங்களைக் கண்டதும் அவன் திரும்பிப் போகப் பார்த்தான். நான் ஸ்கோப்பை உயர்த்திக் காட்டினேன். தயங்கித் தயங்கி வந்தான்; வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

“எத்தனை மடங்கு, மொய்ரா?”

“மூணுலருந்து ஒம்பது.”

“மூணுலயே வெச்சு வளையத்து மேல டேப் ஒட்டிரச் சொல்லு. திருப்ப முடியாதபடி.” பிறகு, ஹனாவைப் பார்க்காமலே சொன்னான்: “ஆளா மானான்னு பாக்குறதுக்கு பைனாகுலர். மான்தான்னு தெரிஞ்ச பெறகுதான் இது.”

“நீயே ஒட்டிக் குடு” என்றேன்.

அவன் விரலில் இறைச்சிக் குழம்பு இருந்தது. காற்சட்டையில் இருமுறை துடைத்துக்கொண்டான்.

6.

ஏப்ரல். உலகின் இந்தத் தென்கோடியில் இலையுதிர் காலம்; மேலே ஆண்மான்கள் துணை தேடித் தொண்டை கரகரக்கக் கத்துகின்றன. கொஞ்சம் முன்பு ஒரு வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றுதான். அது ஹனாவினுடையதா, பக்கத்துச் சரிவில் வேறு யாருடையதா, இங்கிருந்து தெரியாது.

(அவள் மானோடு இறங்கி வருகிறாள். அவள் சுடவே இல்லை. பார்த்துவிட்டு மட்டும் வருகிறாள். அவள்

இல்லை.)

என்னிடம் இருக்கும் முடிவுகள் எல்லாமே நான் விரும்பும் முடிவுகள். விரும்புவதைப் பார்க்கும் கண்ணை நான் இனி நம்புவதில்லை. அதனால் முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவள் காலணிச் சத்தம் கேட்கும் வரை என்னிடம் சொல்லாதீர்கள்.

நான் அடுத்த வரியைத் தொடங்குகிறேன். மலை அன்று