றெக்ஸின் கழுத்தில் றோசா

ஜொய்சிக்கு மூக்குக் கூர்மை. கெபெக்கின் சென்ட் லோரன்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் யாருடைய அடுப்பில் என்ன வேகிறது என்று லிஃப்டுக்குள் நின்றபடியே சொல்லிவிடுவாள். பால் திரையப்போகிறது என்பதை முதல்நாளே சந்தேகிப்பாள். அவளுடைய கணவன் றெக்ஸ், டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறான். வேலையால் வந்ததும் அவனை வாசலிலேயே மறித்து, சப்பாத்தையும் மேற்சட்டையையும் பல்கனியில் போடவைத்து, நேரே குளியலறைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவளுக்கு மற்றக் கதை. வேர்வையும் விமான எரிபொருளும் சேர்ந்து மணந்தால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்பாள். றெக்ஸ் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. தன்னுடைய மணம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவு மூக்கு உள்ளவள் தனக்கென்று ஒரு வாசனைச் சென்ற் போத்தல் வாங்கியதில்லை. வீட்டில் சென்றுக்குக் குறைவில்லை. பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று தந்துவிட்டுப் போவார்கள். ஜொய்சி மூடியைத் திறந்து ஒருதரம் மணந்துவிட்டு "சீனிப்பாணி" என்றோ "ஆஸ்பத்திரி" என்றோ தீர்ப்புச் சொல்லி அலுமாரிக்குள் தள்ளிவிடுவாள். அவள் வேலை பார்க்கும் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் வேறு, யாரும் சென்ற் பூசி வரக்கூடாது என்பது சட்டம். அதனால் அவளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தக் குறை தெரியவந்தது. மொன்-றோயால் மெட்ரோவுக்குப் பக்கத்தில் தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கப் போனவள், வழியில் ஒரு சின்னச் சென்ற் கடையின் குளிர்ச்சிக்காக உள்ளே நுழைந்தாள். கடைக்காரப் பெண் ஒரு நீளக் கடதாசித் துண்டில் எதையோ தெளித்து நீட்டினாள். ஜொய்சி மணந்தாள். பிறகு கடதாசியைக் கொஞ்சம் விலக்கி, மறுபடி மணந்தாள். றோசா. ஆனால் சீனி போட்ட றோசா இல்லை. இப்போதுதான் கிள்ளியது போல, காம்பும் இலையும் சேர்ந்த றோசா. அந்த இலை மணம் ஜெரேனியத்தினுடையது என்று கடைக்காரி சொன்னாள்.

ஜொய்சி உடனே வாங்கத் தயாரானாள். கடைக்காரிதான் விடவில்லை. கடதாசியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், தோலில் போட்டு ஒரு முழுநாள் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, விரல் அளவான கண்ணாடிக் குழாயொன்றில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள்.

ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது ஜொய்சி அதை இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டாள். கோவிலில் முதல் வாசகம் வாசித்து முடியும்வரை அவள் ஒரு றோசாத் தோட்டத்துக்குள் இருந்தாள். பிரசங்கத்தின்போது இலை மணம் வந்தது. எலுமிச்சையும் புதினாவும் கலந்தது போலப் பச்சையாக இருந்தது. நற்கருணை எடுத்துத் திரும்பும்போது ஏதோ மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து காரால் இறங்கியபோது அவளுக்குச் சந்தேகமே இல்லை. தோய்த்துக் காயப்போட்ட உடுப்பு மாதிரி மணந்தாள்.

லிஃப்டில் ஐந்தாம் மாடி அம்புஜம் மாமி நின்றார். சென்னைக்காரர். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனதில் பட்டதைச் சொல்லுகிறவர்.

"ஜொய்சி, உங்க கிட்டேருந்து ரோஸ் மில்க் வாசனை வருதே" என்றார்.

"மெய்யாவோ மாமி?"

"ஆமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே துணி சோப்பு வாசனையும் வருது. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லை மாமி. எனக்கும் அதுதான் மணக்குது."

"தோலுக்குத் தோல் மாறும்மா. வேற யாருக்காவது போட்டுப் பாருங்க. அவங்களுக்கும் சோப்பு வந்தா சென்ட்டு சரியில்லன்னு அர்த்தம்."

வீட்டில் வேறு யார்? மகள் கோடைக்கு ஒட்டாவாவில் வேலைக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் றெக்ஸ் வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கையில் ஜொய்சி அந்தக் குழாயோடு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு.

"இஞ்சேருங்கோ, கழுத்தைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"ஒரு சோதனை. என்னிலை உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் மாதிரி மணக்குது. இதைப் போட்டுக்கொண்டு போய், பின்னேரம் எப்பிடி மணக்குது எண்டு வந்து சொல்லுங்கோ."

"நீர் என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? பெட்டி தூக்கப் போறவனுக்கு றோசாப்பூச் சென்றோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை எரிபொருள் மணத்துக்குள்ளை இதை ஆர் கண்டுபிடிக்கப் போயினம்?"

சொல்லிக்கொண்டே அவள் அவனுடைய கழுத்தில் இரண்டு பக்கமும் பூசிவிட்டாள். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததை அவன் மணிக்கட்டில் தேய்த்தாள். றெக்ஸ் முறுமுறுத்துக்கொண்டு போனான்.

அன்றைக்கு ஓடுபாதைப் பக்கம் தார் இளகுகிற வெயில். கல்கரிக்குப் போகும் விமானமொன்றுக்குச் சாமான் ஏற்ற வேண்டும். அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. றெக்ஸ் முழங்காலில் இருந்தபடி, பெல்ட்டில் ஏறி வருகிற பெட்டிகளை இழுத்து இழுத்து அடுக்கினான். வாசலில் ஆனந்தராசா நின்றார். அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர், றெக்ஸுக்கு அண்ணை முறை கொண்டாடுகிறவர், வேலையில் மிகவும் கண்டிப்பு. கீழே பியேர் என்ற கெபெக்காரன் பெட்டிகளைப் பெல்ட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

சூட்டில் றெக்ஸுக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்க மணம் எழுந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் காற்றும் இல்லை.

"றெக்ஸ், உனக்கு ஏதும் மணக்குதோ?" என்றார் ஆனந்தராசா.

"இல்லையண்ணை."

யோசிக்காமல் சொன்ன அந்தப் பொய்யால்தான் எல்லாம் வந்தது. ஆனந்தராசா மூக்கை உயர்த்திக் காற்றில் தேடினார்.

"மணக்குது. ஃபலூடா மாதிரி. ஆரின்ரையோ பெட்டிக்குள்ளை போத்தில் உடைஞ்சு போச்சு."

"அப்பிடி இருக்காதண்ணை."

"எப்பிடி இருக்காது? ஒழுகிற பெட்டியை உள்ளை விடேலாது. பெல்ட்டை நிப்பாட்டு."

பெல்ட் நின்றது. பியேரும் மேலே ஏறி வந்தான். இரண்டு பேருமாக வாசலுக்குக் கிட்ட இருந்த பெட்டிகளைப் பிரட்டி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதன் நிறத்தை வைத்தே ஆனந்தராசா அதைச் சந்தேகித்து, வெளியே இழுத்து, குனிந்து பூட்டடியில் மணந்தார். அதில் ஒன்றும் இல்லை. "உள்ளுக்குத்தான் கிடக்கு" என்று றெக்ஸ் இருந்த பக்கமாகத் தவழ்ந்து வந்தார். கிட்ட வர வர அவருக்கு நம்பிக்கை கூடியது. றெக்ஸ் பின்னுக்குப் பின்னுக்குப் போனான். விமானத்தின் சுவர் முதுகில் முட்டியது.

ஆனந்தராசா இடுப்பிலிருந்த வோக்கிடோக்கியை எடுத்தார். "மேலதிகாரியைக் கூப்பிடுவம். அடுக்கினதெல்லாத்தையும் இறக்கிப் பாக்கவேணும்."

"அண்ணை, பொறுங்கோ" என்றான் றெக்ஸ். "பெட்டி இல்லை. நான்."

"நீ என்ன?"

"மணக்கிறது நான்."

ஆனந்தராசா வோக்கிடோக்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார். என்ன கதை போகிறது என்று பியேர் பிரெஞ்சில் கேட்டான். றெக்ஸ் தன்னுடைய கழுத்தைத் தொட்டுக் காட்டி, அது நான்தான் என்ற பொருளில், "சே மொவா" என்றான்.

பியேர் தவழ்ந்து வந்து, ஒரு வைத்தியர் மாதிரி, றெக்ஸின் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோனான். கண்ணை மூடினான். தன் தாயின் பல்கனி முழுக்கச் சிவப்பு ஜெரேனியம் என்றும், பழுத்த இலைகளைக் கிள்ளிவிடுகிற வேலை தனக்கு என்றும், கிள்ளி முடித்தால் கையில் இதே மணம்தான் இருக்கும் என்றும் சொன்னான். அவன் ஜெரேனியத்தைச் சரியாகப் பிடித்தது றெக்ஸுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணையும் ஒருக்கா பாருங்கோவன்" என்றான், வெட்கத்தை மறைப்பதற்காக.

ஆனந்தராசா இறைச்சிக்கறிக்கு உப்புப் பார்ப்பவர் போலத் தூரத்தில் இருந்தபடியே ஒருதரம் மணந்தார். கொஞ்சம் கிட்ட வந்து இன்னொருதரம் மணந்தார்.

"ஆர் போட்டுவிட்டது?"

"மனிசி."

"மோசமில்லை" என்றார். "பெட்டியளை அடுக்கு."

விமானம் நேரத்துக்கே புறப்பட்டது. ஆனால் கதை அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. பின்னேரம் முழுக்க மற்றக் குழுக்களிலிருந்து ஆட்கள் ஏதோ அலுவலாக வருவதுபோல வந்து றெக்ஸை மணந்துவிட்டுப் போனார்கள். ஒருவன் பூந்தோட்டம் என்றான், ஒருவன் கல்யாணவீடு என்றான். எரிபொருள் வண்டி ஓட்டுகிற நாடியா என்ற பெண் சென்றின் பெயரைக் கேட்டுப் போனில் எழுதிக்கொண்டாள். முதலில் கூச்சப்பட்ட றெக்ஸ், பொழுதுபடுகிற நேரம் ஆட்கள் வந்தால் தானாகவே காலரை விலக்கிக் காட்டத் தொடங்கியிருந்தான். இடைவேளையில் தனியே இருந்தபோது மணிக்கட்டை மூக்கில் வைத்துப் பார்த்தான். றோசா பின்னுக்குப் போயிருந்தது. இலை காய்ந்து, மிளகு போலவும் பால் விடாத சூடான பிளேன்ரீ போலவும் ஏதோ ஒன்று தோலோடு ஒட்டிக்கிடந்தது. இது தன்னில் இருந்து வருகிறது என்பதை நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஜொய்சி வழக்கம்போல மறித்தாள்.

"சட்டையைப் பல்கனியிலை போடுங்கோ" என்று தொடங்கியவள், "பொறுங்கோ, குளிக்காதேங்கோ" என்றாள்.

அவன் தோளைப் பிடித்துக் குனியவைத்து, கழுத்தில் மூக்கை வைத்தாள். எடுக்கவில்லை. றெக்ஸ் ஒரு காலில் சப்பாத்தோடும் மறு காலில் சப்பாத்தில்லாமலும் அசையாமல் நின்றான். இப்படி அவள் வாசலில் நின்றது அவன் டோர்வலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்ததில்லை.

"என்னண்டு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நல்லாயிருக்கு."

"சவுக்காரம் இல்லையோ?"

"துண்டா இல்லை." அவள் குரல் இறங்கியிருந்தது. "எனக்கெண்டு ஆசைப்பட்டுப் பாத்தது. உங்களிலை போய் வடிவா இருக்குது."

றெக்ஸுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாப்பிடும்போது விமானத்துக்குள் நடந்ததை விபரமாகச் சொன்னான். ஆனந்தராசா இளஞ்சிவப்புப் பெட்டியின் பூட்டை மணந்த இடம் வந்ததும் ஜொய்சிக்குச் சிரிப்பில் சோறு புரையேறியது. அவன் எழுந்து வந்து அவள் தலையில் தட்டினான். தட்டிய கையை அவள் விடாமல் பிடித்து மறுபடி மணந்தாள்.

"உமக்குக் கை கழுவிற வேலை" என்றான் றெக்ஸ். "நாள் முழுக்கச் சவுக்காரமும் கிருமிநாசினியும். அதாலை இருக்கும். வேற இடத்திலை போட்டுப் பாரும்."

அடுத்த நாள் வேலையால் வந்ததும் அவள் முழங்கையின் உட்பக்கம் போட்டுப் பார்த்தாள், காதுக்குப் பின்னாலும் போட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குள் இரண்டு இடமும் உடுப்புத் தோய்க்கப் போய்விட்டன. றெக்ஸ் மணந்து பார்த்து, பொய் சொல்ல ஒருகணம் யோசித்து, பிறகு உண்மையைச் சொன்னான்.

"சவுக்காரம்தான். ஆனா விலைகூடின சவுக்காரம்."

ஜொய்சி சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்டு கவனிச்சனீங்களோ? நான் போட்டா அரை மணித்தியாலத்திலை என்ர மூக்குக்கு அது பழகிப்போயிடுது, பேந்து தேடித்தான் பிடிக்கவேணும். நேற்று நீங்கள் மேசையிலை இருக்கேக்கை எனக்குச் சாப்பிட்டு முடியுமட்டும் மணந்தது. கையை ஆட்டினா வரும், பேந்து போகும், பேந்து வரும்."

"அதுக்கு?"

"அதுக்கு, வாங்குவம். நீங்கள் போடுங்கோ, நான் மணக்கிறன்."

"ஆம்பிளை றோசா போட்டுக்கொண்டு கோவிலுக்கு வாறதோ?"

"டோர்வல் முழுக்க மணந்து முடிஞ்சுது. இனி ஆருக்கு ஒளிக்கிறியள்?"

சனிக்கிழமை இரண்டு பேரும் மொன்-றோயாலுக்குப் போனார்கள். கடைக்காரிக்கு ஜொய்சியை ஞாபகம் இருந்தது. போத்தலை எடுத்துப் பொதி சுற்றத் தொடங்கியவள், அன்பளிப்புக்கா என்று கேட்டாள். ஜொய்சி றெக்ஸைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டி ஏற்றுகிற இடத்தில் படித்த பிரெஞ்சில், இல்லை எனக்குத்தான் என்ற பொருளில், "நோன். பூர் மொவா" என்றான். கடைக்காரி சுற்றிய கடதாசியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள் என்று அவன் கழுத்தில் தெளித்தாள். ஜொய்சிக்கு ஆரஞ்சுத் தோடம்பூவும் ஏதோ மரப்பட்டையும் கலந்த இன்னொன்றைச் சின்னக் குழாயில் கொடுத்தாள். ஜொய்சி அதை ஒருதரம் மணந்து, தீர்ப்புச் சொல்லாமல் கைப்பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் குறைவு. றெக்ஸ் நடுவழிப் பக்கச் சீற்றில் இருக்கப் போனான். ஜொய்சி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ."

"ஏன், உமக்குத்தானே வெளியிலை பாக்க விருப்பம்?"

"யன்னல் திறந்து கிடக்கு. நீங்கள் அங்கை இருந்தாத்தான் காத்து என்ர பக்கம் வரும்."

றெக்ஸ் உள்ளே தள்ளி இருந்தான். பஸ் புறப்பட்டது. ஜொய்சி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, மூச்சை ஆறுதலாக இழுத்தாள்.