நான்காவது நிமிடத்தில் ஒரு பாண் ஆட்டோ

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததுகூட அன்று ஜீவராணிக்கு உறைக்கவில்லை. இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு, ஆறு நிமிட வீடியோ ஒன்றைப் பதினோராவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி அவள் இருந்த கோலத்தைப் பார்த்து, பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த பெண் தலைவலியாக்கும் என்று தைலக் குப்பியை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ஜீவராணி மறுபடி நான்காவது நிமிடத்துக்குத் தள்ளினாள். லண்டன் மேடையொன்றில் பன்னிரண்டு பெண்கள் வெள்ளை உடையில் கைகளை உயர்த்திப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு அடியில், எங்கோ தூரத்தில், ஒரு பொம்மைப் பெட்டிச் சங்கீதம். வருகிறது, ஓரிடத்தில் மூன்று தரம் திக்குகிறது, போய்விடுகிறது.

அவள் இருக்கும் இணையக் குழுவில் இரண்டு நாளாக இதே பேச்சுத்தான். அது ஐஸ்கிரீம் வண்டி என்றார் ஒருவர். இந்த மெட்டோடு ஐஸ்கிரீம் விற்பது அவுஸ்திரேலியாவில்தான் என்றார் இன்னொருவர். பாவம், அங்கே இருந்த ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் தன் தெருவுக்கு அப்படி ஒரு வண்டியே வருவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜீவராணிக்கு முதல் தடவை கேட்டபோதே விளங்கிவிட்டது. பாண் ரொட்டியும் பணிசும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியோடு, மெட்டுப் போட்டுக்கொண்டு இலங்கை முழுக்க மலையேறி இறங்கும் பாண் ஆட்டோ அது. இந்த நாட்டில் தொட்டில் பிள்ளைக்குக்கூட அந்த மெட்டுத் தெரியும். அப்படியானால் வீடியோவை வெளியே விட்ட ஆள் இலங்கையில் இருக்க வேண்டும். முப்பது பேருக்குக் கொடுத்த வீடியோப் பிரதிகளில் இலங்கைக்கு வந்தவை இரண்டு. ஒன்று அவளுடையது. மற்றது தயானி அக்காவுடையது.

அது இசை நாடகப் பைத்தியங்களின் குழு. லண்டனிலும் நியூயோர்க்கிலும் மேடையேறும் பாட்டு நாடகங்களை, அங்கே போய்ப் பார்க்க இந்த ஜென்மத்தில் வழியில்லாதவர்களுக்காக, யாரோ கோட்டுக்குள் கெமராவை ஒளித்துப் பிடித்து அனுப்புவார்கள். சட்டப்படி பார்த்தால் திருட்டுத்தான். ஆனால் அந்தத் திருட்டுக்குள் இருந்த ஒழுங்கு எந்தக் கோயில் நிர்வாகத்திலும் கிடையாது. கேட்டதைக் கேட்டவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும், பொதுவில் போடவே கூடாது. இந்த நாடகத்தைப் பிடித்தவரை 'கடைசி வரிசை' என்ற புனைபெயரில்தான் எல்லாருக்கும் தெரியும். அந்த அரங்கிலேயே வேலை செய்கிறவர் என்று பேச்சு. கலங்கரை விளக்குக் காவலர்களின் மனைவிமாரைப் பற்றிய கதை. கடலுக்குப் போனவர்கள் வராமல் போக, பன்னிரண்டு பெண்களும் தாங்களே விளக்கேற்றி, கையை உயர்த்தி வெளிச்சத்தைக் கூப்பிடுகிற பாட்டில் முதல் பாகம் முடியும். அந்த ஆறு நிமிடத்தைத்தான் யாரோ டிவித் திரைக்கு முன்னால் போனைப் பிடித்து எடுத்து ஊருக்கே திறந்துவிட்டிருந்தார்கள். ஆள் அகப்படாவிட்டால் குழுவையே மூடிவிடுவேன் என்று கடைசி வரிசை எழுதிவிட்டார்.

குழு போனால் ஜீவராணியிடம் என்ன மிஞ்சும்? முப்பத்தாறு வயது. தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஆசிரியர் கலாசாலையில் யாரோ ஒரு விரிவுரையாளர் போட்டுக் காட்டிய நாடகத்தோடு பிடித்த பைத்தியம் இது. கல்யாணப் பேச்சுகள் வந்து போய் ஓய்ந்தன, இது ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், வீட்டில் சொன்னால் விளங்காது. இரண்டு வருஷத்துக்கு முன் குழுவில் யாரோ, மழையால் பண்டாரவளையில் கரண்ட் இல்லை, பாதி நாடகத்தில் நிற்கிறேன் என்று எழுதியதைப் பார்த்து, பண்டாரவளையா என்று கேட்டாள். வங்கியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தயானி அக்கா அப்படித்தான் கிடைத்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சந்தித்துக்கொள்வார்கள். ஒரு பாட்டைப் பற்றி இரண்டு மணித்தியாலம் தமிழில் பேசக்கூடிய ஒரே ஆள். இப்போது அந்த ஆளைப் பற்றித்தான் ஜீவராணி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய நல்ல வார்த்தைகள்கூட வேறு முகம் காட்டும். இதையெல்லாம் ஒளிச்சு வச்சு என்ன பிரயோசனம், ஏழையள் எல்லாம் லண்டனுக்குப் போயே பார்க்கிறது என்று தயானி அக்கா போன மாதம் சொன்னாள். அன்று அது ஜீவராணிக்கு மனசுக்கு இதமாக இருந்தது. இன்று யோசித்தால் ஒப்புதல் வாக்குமூலம். போதாததற்கு, அவள் கணவர் சதீசன் சுவரை அடைக்கிற அளவில் புது டிவி வாங்கியிருந்தார். தன் வீட்டு வாசலுக்கும் பாண் ஆட்டோ வருகிறதே என்ற யோசனை ஜீவராணிக்கு வராமலில்லை. ஆனால் அவள் எதையும் இயர்போனில்தான் பார்ப்பாள். பிறகெப்படி வீடியோவில் பாட்டுச் சத்தம் வரும்? அந்த இடத்தில் கணக்கு முடிந்துபோனது.

மறுநாள் சனிக்கிழமை. முறை இல்லாத கிழமையில் பதுளைக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறி, எல்லயில் வெள்ளைக்காரர்கள் முதுகுப் பைகளோடு ஏறி இறங்குவதைப் பொறுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனாள். தயானி அக்கா கதவைத் திறந்ததும் ஜீவராணியின் கண் நேரே டிவிக்குப் போனது. பிறகு மேசைக்கு. மேசையில் திறந்திருந்த லெப்டொப்பைத் தயானி அக்கா சட்டென்று மூடினாள். மூடியதை மறைக்க ஒரு சிரிப்பு வேறு.

"என்ன ஜீவா, சொல்லாமல் கொள்ளாமல்? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"சும்மாதாங்க்கா. இந்தப் பக்கம் ஒரு வேல இருந்திச்சு." சொல்லி முடிக்கும்போதே பொய் நாக்கில் கசந்தது. "அந்த வெளிய போன வீடியோவ நீங்க பாத்தீங்களாக்கா?"

"ஐயோ, நான் பார்க்கேல்லை. களவெடுத்ததில களவெடுத்ததை ஏன் பார்ப்பான்?"

குற்றமுள்ளவள்தான் பார்க்கவில்லை என்பாள் என்று ஜீவராணிக்குத் தோன்றியது. பார்த்தேன் என்றிருந்தாலும் வேறொன்று தோன்றியிருக்கும். தேநீர் ஆறும்வரை சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்.

"இங்கிட்டு பாண் ஆட்டோ வருமாக்கா?"

"ஓம், பின்னேரம் வரும். ஏன், பாண் வேணுமே?"

அவ்வளவுதான். என்ன சத்தத்தோடு வரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவளுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. நின்று சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லித் தயானி அக்கா கெஞ்சியும் நிற்காமல் பஸ் ஏறினாள். தெமோதரை தாண்டுவதற்குள் கடைசி வரிசைக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாள். அது ஐஸ்கிரீம் வண்டி அல்ல, இலங்கையில் பாண் விற்கும் வண்டி. பல் வைத்தியரை விட்டுவிடுங்கள். என் பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. தயானியின் பெயரை அவள் எழுதவில்லை. எழுதாததில் ஒரு கௌரவம் இருப்பதாகக்கூட நினைத்துக்கொண்டாள். பசறைக்கு வந்து பார்த்தபோது குழுவில் ஓர் ஆள் குறைந்திருந்தது. நன்றி என்று ஒரே ஒரு சொல் கடைசி வரிசையிடமிருந்து வந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, குறைந்த பெயரை மட்டும் தேடிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கட்டாரிலிருந்து அண்ணன் ஜெயரூபன் போன் எடுத்தான். வழக்கம்போல அம்மா ஜெயலெட்சுமிதான் முதலில் பேசினாள். போன வருஷம்வரை தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்தவள், இப்போது ஓய்வு. அடுப்படியில் குசுகுசுவென்று ஏதோ பேசிவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

"தங்கச்சி, கோவிச்சுக்காத," என்றான் ஜெயரூபன். "நீ எந்த ஜெப சபைக்குப் போற?"

"என்ன சபை?"

"அம்மா வீடியோ அனுப்புனாங்க. வெள்ள உடுப்புப் போட்டுக்கிட்டு கையத் தூக்கிப் பாடுறாங்கல்ல, அது. நீ அதப் பாத்து அழுவுறியாம். இங்க எங்க ரூம்ல யாருக்கும் அது எந்த சபைன்னு தெரியல. அதான் பேஸ்புக்ல போட்டுக் கேட்டேன். ஒருத்தனும் சொல்லல. ஆனா ஆயிரக்கணக்குல பாத்துட்டானுங்க, எடுத்து வேற எங்கெங்கயோ போட்டுட்டானுங்க."

ஜீவராணி போனைப் பிடித்தபடியே கதிரையில் உட்கார்ந்தாள். லெப்டொப்பில் இயர்போன் செருகுகிற துளை பழுதாகிக் கிடந்த அந்த ஒரு கிழமை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அம்மா பூசைக்குப் போன நேரம் பார்த்து, வயரை டிவிக்குக் கொடுத்து, வீடு அதிர நாடகம் பார்த்தாள். அதை எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கற்பூரத்த மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன்," என்றாள் அம்மா. "நீ பொறங்கையால கண்ணத் தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருந்த. நான் கதவுகிட்ட நின்னு போன்ல புடிச்சது ஒனக்குத் தெரியல. எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டு, இங்கிலீசுல யாரோடயோ எழுதிக்கிட்டு. எனக்கென்ன தெரியும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீ சொல்லுவியா? ஒங்க சின்னம்மாகிட்ட கேட்டதுக்கு, சும்மா ஜெபத்துக்குத்தான் போறேன்னா. அப்புறம் எங்கப்பா செத்தப்ப வாய்க்கரிசி போடாம ரோட்டுல நின்னா. அவளுக்கு நின்னது கஷ்டம், எனக்குப் பாத்தது கஷ்டம். நான் செத்தா நீயும் அப்பிடி ரோட்டுல நிப்பியோன்னு பயந்துட்டேன்."

"அது சபை இல்லம்மா. நாடகம்."

"நாடகத்துக்கு யாராவது அப்பிடி அழுவாங்களா?"

ஜீவராணி தனக்கு அம்மா மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தாள். வரவில்லை. கதவோரம் நின்று, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல், தனக்குத் தோன்றியதை நிச்சயம் என்று நம்பி இன்னொருவருக்கு அனுப்பியது அம்மா மட்டுமா? வெட்கம் காதுவரை ஏறியது. வெளி வாசலுக்கு வந்து நின்று கடைசி வரிசைக்கு எழுதத் தொடங்கினாள். தவறு என்னுடையது, தயானியைத் திரும்பச் சேருங்கள். இதை அனுப்பினால் குழு போகும். பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்தப் பாண் வண்டிக் கதையை யார் சொன்னது என்று தயானி அக்காவுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு பண்டாரவளை பஸ்ஸில் ஏற அவளுக்கு வேலை இருக்காது. விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அப்போது திரையில் தயானி அக்காவின் பெயர் வந்தது.

"ஜீவா, குழுவில இருந்து என்னை எடுத்துப்போட்டினம்." ஹலோகூடச் சொல்லாமல் தொடங்கினாள். "நான்தான் வெளியில விட்டனானாம். பாண் ஆட்டோச் சத்தம் கேக்குதாம். அவைக்கு அதை ஆர் சொன்னதோ தெரியேல்லை."

"அக்கா..."

"நேற்று நீங்கள் வரேக்க லெப்டொப்பை மூடினனான், கண்டிருப்பீங்கள். அந்த விளக்குப் பாட்டுக்குத் தமிழ் வரி போட்டுக்கொண்டிருந்தனான். உங்கட அம்மாவுக்குக் காட்டினால் விளங்காதெண்டு முந்தி ஒருக்காக் கவலைப்பட்டீங்களே, அதுக்குத்தான். முடிச்சுப்போட்டுத் தருவம் எண்டு மறைச்சனான்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "இண்டைக்குத்தான் அந்தத் துண்டைக் கேட்டனான். எங்கட ரோட்டால வாறவன் ஹோர்ன் மட்டும்தான் அடிக்கிறவன், அவனுக்கு மெட்டே இல்லை. அதோட, அதில ஒரு இடத்தில மூண்டு தரம் திக்குது. ஏதோ பழுதான பெட்டி. அந்த ஆட்டோவைக் கண்டுபிடிச்சால் ஆளையும் கண்டுபிடிக்கலாம். நீங்கள் எனக்காக ஒருக்கா எழுதுவீங்களே ஜீவா? உங்களை அவை நம்புவினம்."

சொல்லிவிட வேண்டும், இப்போதே, என்று ஜீவராணி வாயைத் திறந்தாள். கீழே தேயிலைக்கு நடுவே வளைந்து வரும் ரோட்டில், இரண்டாவது வளைவில், அந்த மெட்டுக் கேட்டது. பாண் ஆட்டோ ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக வாசலால் போன சத்தம், இன்றுதான் அதை அவள் காது கொடுத்துக் கேட்டாள். அது வந்து, அந்த இடத்தை எட்டியது. திக்கியது. இன்னொரு தரம். இன்னொரு தரம்.

போனில் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்த தயானி அக்காவின் பேச்சு, அந்தத் திக்கலைக் கேட்டதும் பாதியில் நின்றது. ஜீவராணி போனை மார்போடு அழுத்திக்கொண்டு, மெட்டை நிறுத்துங்கள், போய்விடுங்கள் என்று மற்றக் கையை உயர்த்தி உயர்த்தி வீசினாள். பாண்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஜீவா மிஸ் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஆட்டோவைத் திருப்பி, மெட்டை நிறுத்தாமலே நேரே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.