ஐந்து நிமிடத்தில் ஒரு முகாம்

இந்த மனுசி இன்னொரு தரம் என் தோளில் கை வைத்தால் தட்டிவிடுவேன். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும். நான் அழவில்லை, மயங்கவில்லை, கால் இடறவும் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கை?

இப்படி நினைத்தபடியே சிவரூபினி, மகளின் ஆசிரியை ஃபிராவ் லூத்தியைப் பார்த்துச் சிரித்தாள். பதினைந்து வருடமாக சுவிஸில் பழகிய சிரிப்பு அது. பல் தெரியும், வேறெதுவும் தெரியாது. ஃபிராவ் லூத்தி அவளுடைய தோளை மறுபடியும் மெல்ல அழுத்திவிட்டு வழிகாட்டியின் பின்னால் போனார். சிவரூபினி தட்டிவிடவில்லை.

சுவிஸ் ஊரான லாங்கன்தாலில் காலை ஆறரைக்குப் புறப்பட்ட பேருந்து, எல்லையிலுள்ள பாசலைத் தாண்டி, பிரான்ஸுக்குள் ஒரு மலையில் ஏறி அவர்களை இறக்கியிருந்தது. நாஜிகள் நடத்திய வதைமுகாம், இப்போது நினைவிடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவர்களில் ஒருத்தி சிவரூபினியின் மகள் மதுஜா. துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தலை எண்ணவும் முதலுதவிப் பையைத் தூக்கவும்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருத்தியிடம் வேலைமுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

வழிகாட்டி ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தாமலே பேசினார். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கொட்டில் நின்ற தடம், சுற்றிவர இரட்டை முட்கம்பி.

"காலையும் மாலையும் கைதிகளை இங்கேதான் எண்ணுவார்கள். கணக்குச் சரிவரும்வரை நிற்க வேண்டும். இரவில் செத்தவர்களையும் தூக்கிவந்து வரிசையில் கிடத்த வேண்டும். அவர்களும் கணக்கில் உண்டு."

சுவிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு பையன் அதை விழுங்கினான். சிவரூபினிக்கு அந்த வழிகாட்டியைப் பிடித்திருந்தது. அவர் யாருடைய முகத்தையும் பார்த்து, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கவில்லை. பிணங்களை எரித்த அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இரும்புக் கதவைக் காட்டினார், எப்படி இயங்கியது என்று சொன்னார், வெளியே வந்தார். சாம்பல் கொட்டிய இடத்தில் தொப்பியைக் கழற்றினார். அவ்வளவுதான்.

அந்த இடத்தில்தான் சிவரூபினிக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த கையோடு வெட்கமும் வந்தது. இவர்களுக்குப் பலகை இருக்கிறது, பெயர் இருக்கிறது, தொப்பி கழற்ற ஒரு மனிதர் இருக்கிறார். போர் முடிந்ததும் சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளத்தில் என்ன இருக்கிறது? கூடாரம் நின்ற நிலத்தில் பற்றை வளர்ந்துவிட்டது. நலன்புரி நிலையம் என்றுதானே அதற்குப் பெயரே வைத்தார்கள். எரிந்துபோனவர்களைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். இது அது இல்லை, அது இது இல்லை. இரண்டையும் ஒரு தராசில் வைக்க அவளுக்கு மனமில்லை.

அப்போதுதான் ஃபிராவ் லூத்தி பக்கத்தில் வந்து, மெதுவாக, ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துச் சொன்னார்.

"மதுஜா எங்களுக்குச் சொன்னாள், நீங்களும் ஒரு முகாமில் இருந்தீர்கள் என்று. திரும்பிப் போகும் வழியில் சாப்பிட்டுவிட்டு வட்டமாக உட்காருவோம். நீங்கள் ஐந்து நிமிடம் பேசினால் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வெறும் சரித்திரமாக இருக்காது."

"என்னால் நன்றாகப் பேச வராது, ஃபிராவ் லூத்தி."

"நன்றாகவே பேசுகிறீர்கள். உங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நான் கடிதம் எழுதப்போகிறேன் அல்லவா? பள்ளிக்கு வந்து இப்படிப் பங்களித்தார் என்று அதில் ஒரு பந்தி எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்."

அந்த அம்மாவிடம் கள்ளம் இல்லை. அதுதான் சிவரூபினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளம் இருந்தால் திட்டலாம்.

பேருந்தில் மகளைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"என்னைக் கேளாமல் என்னத்துக்கடி சொன்னனீ?"

"நான் சும்மா சொல்லேல்லை. ஆருக்காவது வீட்டிலை இப்பிடி அனுபவம் இருக்கோ எண்டு ஃபிராவ் லூத்தி கேட்டவ. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் கை உயர்த்தினன்."

"உன்ர அனுபவத்துக்கோ கை உயர்த்தினனீ?"

"அம்மா, ஐஞ்சு நிமிஷம்தானே! லேயாவின்ர பூட்டன் ரெண்டாம் உலகச் சண்டை நேரம் எல்லையிலை காவலுக்கு நிண்டவராம். அதைப்பற்றி அவள் இருபது நிமிஷம் கதைச்சவள். ஒரு வெடிகூட வெடிக்கேல்லை. மாடு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார் மனுசன்."

"அப்ப அந்த மனுசனைக் கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லு."

"அவர் செத்துப்போனார்."

"குடுத்துவைச்சவர்."

மதுஜா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்: "எனக்கும் நீங்கள் ஒண்டும் சொன்னதில்லை. மாமா காணாமல் போனவர். அதுக்கு மேலை ஒரு வசனம் இல்லை."

உண்மைதான். அதற்கு மேல் ஒரு வசனம் இருந்தது. அந்த வசனம்தான் பிரச்சினை.

தம்பி சாயிசனுக்கு அப்போது பத்தொன்பது வயது. போரின் கடைசி மாதங்களில் புலிகள் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் ஓடிவந்து அக்காவோடு சேர்ந்துகொண்டான். சனத்தோடு சனமாக இராணுவத்தின் பக்கம் வந்து வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள்: ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் தானாக வந்து பதியுங்கள், பதிந்தால் விட்டுவிடுவோம், பிறகு பிடிபட்டால் எங்களுக்குத் தெரியாது. சாயிசன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவன் எப்போதும் அப்படித்தான், கடைக்குப் போவதென்றாலும் அக்காவின் முகத்தைப் பார்ப்பான். அவள் சொன்னாள்: "போ. பதிஞ்சுபோட்டு வா." அவன் போய் ஒரு பேருந்தில் ஏறினான். பதினொரு மாதம் செட்டிகுளத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, வருகிற போகிற எல்லோரிடமும் அவனைக் கேட்டாள். பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

சுவிஸுக்கு வந்ததும் அகதி விசாரணை. முதல் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரராக இருந்தார். அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த வசனம் வாயில் வரவில்லை. தம்பி தானாகப் போனான் என்றாள். இரண்டாம் விசாரணையில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர். அன்று வயிற்றில் மதுஜா எட்டு மாதம். பொய்யோடு பிள்ளை பெறக்கூடாது என்று ஏனோ தோன்றி, நான்தான் போகச் சொன்னேன் என்றாள். முடிவு தபாலில் வந்தது. இரண்டு கூற்றுகளும் முரண்படுகின்றன. ஆகவே நம்பத்தகுந்ததாக இல்லை. வாழ்க்கையில் அவள் ஒரேயொரு தரம் சொன்ன உண்மைக்கு அவர்கள் கொடுத்த பெயர் முரண்பாடு. பிறகு வேறு காரணம் சொல்லி நாட்டில் இருக்க விட்டார்கள். அவள் அந்த வசனத்தை மறுபடி யாருக்கும் சொல்லவில்லை, கட்டிய புருசனுக்குக்கூட.

அன்றைக்கு நம்பாதவர்களுக்கு இன்றைக்குக் கதை வேண்டுமாம். ஐந்து நிமிடத்தில்.

பாசலைத் தாண்டி நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில் பேருந்து நின்றது. மரமேசைகளில் ஃபிராவ் லூத்தி தன் கையால் சுட்டுக்கொண்டுவந்த பின்னல் பாணை வெட்டி அடுக்கினார். பாலாடைக்கட்டி, அப்பிள், தேநீர். பிள்ளைகளுக்குப் பேச்சுத் திரும்பி வந்திருந்தது. ஒரு துண்டை ஆசிரியை சிவரூபினியிடமே கொண்டுவந்து நீட்டினார். அவள் வேண்டாம், நன்றி என்றாள். கொஞ்சமாவது என்றார். வேண்டாம், நன்றி.

ஓட்டுநர் தினேசன் பேருந்துப் படியில் இருந்து பாணைத் தின்றுகொண்டிருந்தார். சோலோதுர்ன் நகரில் முப்பது வருடமாக இருப்பவர். பாதி வழியிலேயே அவளை யார், எந்த ஊர் என்று விசாரித்து முடித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, பட்டினியோ? பாண் நல்லாத்தான் இருக்கு. எங்கட பேக்கரிப் பாண் மாதிரி இல்லை, எண்டாலும் பசிக்குப் போகும்."

"செத்த இடத்துக்குப் போட்டு வந்திருக்கிறன் அண்ணை. தலை முழுகாமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

"அட, அதுவோ! நான் உள்ளுக்கு வரேல்லை, எனக்குத் துடக்குத் தீட்டு ஒண்டும் இல்லை." இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். "இந்தாரும், தலையிலை கொஞ்சம் தெளிச்சுப்போட்டுச் சாப்பிடும். காஸ் போட்ட தண்ணி. துடக்கு நுரைச்சுக்கொண்டு போயிடும்."

அன்று முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. போத்தலை வாங்கவில்லை. "பரவாயில்லை அண்ணை. வீட்டை போய் முழுகிறன்."

முதியோர் இல்லத்திலும் அவள் அப்படித்தான். யாராவது இறந்தால் உடலைக் கழுவித் துடைத்து உடுப்புப் போட்டுவிட்டு, தானும் ஊழியர் குளியலறையில் தலையோடு முழுகிவிட்டுத்தான் தேநீரைத் தொடுவாள். சுத்தம் என்று மற்றவர்கள் மெச்சுவார்கள். அவள் திருத்தியதில்லை. இறந்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை அது. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

சாப்பாடு முடிந்தது. புல்வெளியில் வாங்குகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். மதுஜா எதிர்ப்பக்கத்தில், லேயாவுக்கு அருகில் இருந்தாள். சிவரூபினிக்கு ஆசிரியையின் பக்கத்தில் இடம்.

"நீங்கள் கவனித்தீர்களா தெரியாது," என்று ஃபிராவ் லூத்தி தாழ்ந்த குரலில் வட்டத்துக்குச் சொன்னார். "மதுஜாவின் அம்மா அங்கிருந்து வந்தபிறகு ஒரு துண்டு பாண்கூடச் சாப்பிடவில்லை. அவரால் முடியவில்லை. சில நினைவுகள் உடம்பில் அப்படித்தான் தங்கிவிடும்."

இருபத்தொரு முகங்கள் அவளுடைய வயிற்றைப் பார்த்தன.

அவளுக்குக் காது சுட்டது. சொல்லிவிடலாமா? நினைவுமில்லை, நோயுமில்லை, முழுகாததுதான் காரணம் என்று? பிறகு அதையும் விளக்க வேண்டும். அதுவும் சுவாரசியமாக இருக்கும் இவர்களுக்கு. அவளுடைய பசியைக்கூட அவளிடம் விட்டுவைக்க மாட்டார்களா? மகள் எழும்பி, இல்லை ஃபிராவ் லூத்தி, எங்கள் வழக்கம் அது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். மகளுக்குத் தெரியும். ஆனால் மகள் தன் சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தயாரானதும் தொடங்குங்கள்," என்றார் ஆசிரியை. "எங்கே இருந்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள், இங்கே வந்தபிறகு எது உங்களைத் தேற்றியது. அவ்வளவும் போதும்."

எங்கே, என்ன, எது. நிரப்ப வேண்டிய மூன்று கட்டங்கள். இதில் எந்தக் கட்டத்துக்குள் 'போ' என்பதை எழுதுவது? தேற்றியதாம். ஒரு சிறுமி கொப்பியைத் திறந்து, மேலே திகதி எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நல்ல பிள்ளை, நேரான கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே சாயிசன் வந்து நிற்க வேண்டும், நாளைக்கு ஆசிரியை புள்ளி போடுவதற்கு.

மகளுக்கு ஒருநாள் சொல்ல வேண்டிவரும். அது மகளுக்கும் தனக்கும் இடையிலான வழக்கு. இந்த வட்டத்துக்கு அதில் பங்கில்லை. குடியுரிமைக்கான கடிதம் வராமல் போகலாம். வந்தாலும் ஒரு பந்தி குறையலாம். வேறு யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

"நான் பேசவில்லை," என்றாள்.

"புரிகிறது. மிகக் கஷ்டமான விஷயம்…"

"கஷ்டம் இல்லை, ஃபிராவ் லூத்தி. விருப்பம் இல்லை."

கொப்பி வைத்திருந்த சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். மதுஜாவும் பார்த்தாள். ஃபிராவ் லூத்தி அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, இருந்தாலும் குரலில் அதே கனிவு.

"ஒரேயொரு வசனமாவது? மதுஜாவுக்காக?"

இந்த நாட்டில் மறுக்கிறபோதெல்லாம் கூடவே ஒரு நன்றியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மொழி வகுப்பில் முதல் வாரமே கற்றுக்கொடுத்திருந்தார்கள். சிவரூபினி நன்றியைச் சேர்க்கவில்லை.

"இல்லை," என்றாள்.