மலை பறந்தது, அவள் வரவில்லை

திரையில் மலை பறந்தது. பம்பாய் மாட்டுங்கா தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு வந்திருந்த அத்தனை தமிழ்ச்சனமும் விசிலடித்தது. என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து இருக்கையைவிட்டே எழுந்துவிட்டார். "ஏளா பேராச்சி, பாத்தியா! மலையவே தூக்கிட்டாம்லா!" எனக்கு மலையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். செண்பகவல்லி எங்கே என்றுதான் கண் தேடிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டில் வந்த முதல் பாகத்தில் அவள்தான் எல்லாம். வெள்ளத்தில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். துறைக்கு வருகிற படகுக்கெல்லாம் போய்ப் பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்பாள். படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்புப் போடுவான். அவள் அடுத்த படகுக்கு நடப்பாள். ஒரு தந்திரக் காட்சி கிடையாது. அந்த நடைக்கே மூக்கை உறிஞ்சாத பொம்பளை இல்லை. மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்துக் காட்டி விளக்கைப் போட்டுவிட்டான்.

அன்று தாராவி வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறானே, சுயம்பு. பால்குடி மறந்த கையோடு ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தோம். எங்கள் கோலியில், அந்த ஒற்றை அறையில், இடமில்லையாம். நாங்கள் இரண்டு பேர், கொழுந்தன் பிச்சையா, வாசலை அடைத்துக்கொண்டு இவருடைய டிரங்குப் பெட்டி. என் அழுகையை நிறுத்த இவர் ஒரு வார்த்தை சொன்னார்: "ரெண்டாம் பாகம் வரட்டும்ளா. அவளுக்குப் புள்ள கெடச்சிட்டா நம்ம பயலையும் கூட்டியாந்துருவோம்."

சும்மா சொன்னதுதான். கூறுகெட்டவள், நான் பிடித்துக்கொண்டேன். சினிமாக்காரிக்குப் பிள்ளை கிடைக்க வேண்டுமென்று இசக்கியம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டேன். யாராவது செய்வார்களா?

இடைவேளைக்குப் பிறகு வளர்ந்த மகன் வந்தான். பாம்பின்மேல் ஏறிக் கடலைத் தாண்டினான். ஒருவனே பல பேராக நின்று வாள் வீசினான். நடுவில் ஒரு கிழவன், "உன் தாய் என்றோ இறந்துவிட்டாள்" என்றான். மகன் நெற்றியைச் சுருக்கினான். மறுபடி பாம்பு. ஒரே வசனத்தில் கொன்றுவிட்டான்கள், பாவிகள். மலையைப் பறக்கவிடத் தெரிகிறது, அவளைப் படகுத்துறையில் ஒரு தடவை நிறுத்த வக்கில்லை. யாருக்காகக் காத்திருந்தோமோ அவளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எதைக் காட்டினால் என்ன?

"என்னா தந்திரம்ளா!" என்றார், வெளியே வந்ததும்.

"அவ செத்துட்டாளே."

"எவ?"

எவ என்று கேட்டாரே! சொன்னது இவருக்கு ஞாபகமே இல்லை.

"செண்பகவல்லி. அவளுக்குப் புள்ள கெடச்சா சுயம்புவக் கூட்டியாருவோம்னு சொன்னியளே?"

சிரித்தார். "அட, அதையா? அவதான் செத்துட்டாள்லா. இன்னும் ஒரு வருசம் போட்டும்."

"அவ செத்தா நானும் சாவணுமோ?"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியை இழுத்துச் சந்துக்குத் தள்ளினேன். "ஏளா, எவனாவது களவாண்டுருவான்!" என்று கத்தினார். களவாண்டுட்டுப் போவட்டும் என்றேன். பெட்டி இருந்த தரை கருத்து ஈரமாகக் கிடந்தது. துடைத்தேன். என் பாயை மடித்துப் பிள்ளை அளவுக்கு விரித்தேன். வாசற்படிவரை வந்தது.

உள்ளே வரச் செருப்பைக் கழற்றினார். கால் வைக்க அந்தப் பாயைத் தவிர வேறு இடமில்லை. தூக்கிய காலோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.