கடவுளுக்குக் கொடுக்கவேண்டியது

மரண விசாரணை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மழை, வழுக்கிய தெரு, ஒரு வளைவு. ஒருவரிலும் பிழையில்லை என்று விசாரணை அதிகாரி தணிந்த குரலில் வாசித்தார். சாப்பாடு டெலிவரிக்குப் போன கிளின்ரன் வீடு திரும்பாததற்கு அவ்வளவுதான் காரணம். அவன் மனைவி றோஸ்மலர் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு பொலிஸ் அவனுடைய மோட்டார்சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அவர்களுடைய வீட்டின் முன்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கருகே நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. வேறு பெரிய சேதமில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வெளியே போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிளின்ரனின் தங்கை றொசாந்தி சட்டம் படித்தவள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கதையைத் தொடங்கினாள்.

"மச்சாள், முந்தி இங்கை வெள்ளைக்காரரிட்டை ஒரு சட்டம் இருந்தது. டியோடாண்ட் எண்டு சொல்லுவினம். லத்தீன்லை இருந்து வந்த சொல்லு. கடவுளுக்குக் குடுக்கவேண்டியது எண்டு அர்த்தம்."

"என்னத்தைக் குடுக்கிறது?"

"ஆளைச் சாகடிச்ச சாமானை. வண்டில், குதிரை, எதெண்டாலும். சொந்தக்காரர் அதை வைச்சிருக்க ஏலாது. அதையோ, அதின்ரை பெறுமதியையோ அரசர் எடுத்துத் தருமத்துக்குக் குடுக்கவேணும். கன தடவை அரசரே வைச்சுக்கொண்டார் எண்டது வேறை கதை."

றோஸ்மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அந்தக் காலத்து ஆக்கள் சாமானிலையும் பிழை பிடிச்சிருக்கினம்."

"ஓம்."

"இப்ப ஆரிட்டைக் குடுக்கிறது?"

"இப்ப அது இல்லை மச்சாள். ரெயில் வந்தாப்பிறகு, எஞ்சின் மோதிச் செத்த ஆக்களுக்காக ஜூரிமார் எஞ்சின்ரை பெறுமதி எண்டு பெரிய தொகையெல்லாம் போட்டிச்சினம். ரெயில் கொம்பனியளுக்குக் கட்டுப்படியாகேல்லை. சட்டத்தையே எடுத்துப்போட்டாங்கள்."

"அப்ப?"

"அப்ப மோட்டார்சைக்கிள் உங்கடைதான்."

மோட்டார்சைக்கிளைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா என்று றோஸ்மலர் பங்குச் சுவாமியாரிடமும் போய்க் கேட்டாள். கிளின்ரனுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதாக மட்டும் அவர் சொன்னார்.

கடைசியில் இரண்டு பெண்களும் ஒரு வான் பிடித்து, அதைப் பழைய இரும்பு யார்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவன் எஞ்சினைக் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல நிலையில் இருக்கிறது, வேறொன்றுக்குப் பூட்டலாம் என்றான். றோஸ்மலர் மறுத்துவிட்டாள். முழுதாக நசுக்கச் சொன்னாள்; காசும் வேண்டாம் என்றாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினான்.

இரும்பு மடங்கத் தொடங்கியதும் றொசாந்தி உடைந்துபோனாள். விசாரணையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "அண்ணா எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினவர்" என்று விம்மினாள்.

றோஸ்மலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுப் பாரம் கொஞ்சமாவது இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. இத்தனை நாளும் கோபப்பட ஒரு பொருளாவது வாசலில் நின்றது. இனி அதுவும் இல்லை.

தூறத் தொடங்கியிருந்தது. இருவரும் பஸ் தரிப்பை நோக்கி நடந்தார்கள்.