ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்

படகு எஞ்சினின் எண்ணெய் ஃபில்டரை எதுவும் சிந்தாமல் மாற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால், முதலில் புருஷனைக் கரையில் நிறுத்தி வையுங்கள் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் படகு தெல்தெனியவுக்குப் பக்கத்தில், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஓடுகிறது. கண்டியிலிருந்து வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டிவிட்டு இறக்குவோம். பழைய லொறியிலிருந்து எடுத்த டீசல் எஞ்சின். அதற்காக நான் குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் சமைத்துச் சமைத்து வருடக்கணக்காக வெந்தேன். படகை ஓட்டுவது என் புருஷன் மோகனராஜ். எஞ்சினைப் பார்த்துக்கொள்வது நான்.

போன தடவை அவரே ஃபில்டரைக் கழற்றுகிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அரைப் போத்தல் எண்ணெய் படகின் அடியில் கொட்டியது. அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு பம்பு இருக்கிறது. மட்டம் ஏறினால் தானாக ஓடும். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் நீர்த்தேக்கத்தில் துப்பிவிட்டது. நீர்த்தேக்கத்து அதிகாரி வந்து, தண்ணீரில் மினுங்கிய எண்ணெயைப் பார்த்து, இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்தப் படகு இங்கே மிதக்காது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் நான்தான் அடி வாங்கினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா ஃபோனில், "அடிக்கிற கைதான் அணைக்கும், நிரோஷா" என்பாள். அடிக்கிற பாதியை நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். மற்றப் பாதி இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே இந்த முறை வெள்ளிக்கிழமை காலையில், அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே இறங்கினேன். ஒரு சொட்டு வெளியே போனால் படகு போய்விடும். படகு போனால் நான் மறுபடி யார் வீட்டுக் குசினியிலோ நிற்க வேண்டும்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். சூடேறினால்தான் எண்ணெய் இளகும். பம்பின் வயரைக் கழற்றினேன். படுக்கைவாட்டில் இருந்த ஃபில்டரின் மேற்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டேன். உள்ளே காற்றுப் புகுந்ததும் அதில் நின்ற எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கியது. கைப்பம்பு வைத்து எல்லாவற்றையும் கேனுக்குள் இறைத்தேன். கீழே பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பர்ஸை விரித்து, ஃபில்டரைப் பொலித்தீன் பைக்குள் விட்டு, பையோடு சேர்த்துத் திருகினேன். பைக்குள்ளேயே கழன்று விழுந்தது. பழைய ரப்பர் வளையமும் அதோடு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டேன். அடியில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு என் மேலேயே ஆசை வந்துவிட்டது.

புது ஃபில்டரை ஆசனப் பலகையில் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி, அதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினேன். பிறகு பழைய எண்ணெயையும் பையையும் தூக்கிக்கொண்டு கரையிலிருந்த கழிவெண்ணெய்ப் பீப்பாய்க்குப் போனேன். அந்த இடைவெளி போதுமாக இருந்தது. திரும்பி வந்தபோது மோகனராஜ் கோயில் சட்டையோடு படகில் குந்தியிருந்தார். புது ஃபில்டர் எஞ்சினில் ஏறியிருந்தது. புது எண்ணெயையும் ஊற்றி முடித்திருந்தார். அவர் விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது.

நம் ஆட்கள் ஆட்டோ வாங்கினாலும் ரைஸ் குக்கர் வாங்கினாலும் சந்தனப் பொட்டு வைக்காமல் தொடமாட்டார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஃபில்டர் பூட்டிய இடத்தில், விளிம்பைச் சுற்றி மஞ்சளாகப் பிதுங்கியிருந்தது.

"பொட்ட எங்க வச்சீங்க?" என்றேன்.

"வாயிலதான். கொடத்துக்கு வேற எங்க வப்பாங்க?"

குடத்துக்கு வைப்பது போலவே ரப்பர் வளையத்தின் மேல் சுற்றிவரச் சந்தனத்தை அப்பியிருக்கிறார். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மயிர் கிடந்தாலே எண்ணெய் வழி தேடும்.

"கழட்டுங்க. அதத் துடைக்காம எஞ்சின போடக்கூடாது. எண்ணெ வெளிய அடிக்கும்."

"சாமி சந்தனம் ஒனக்கு அழுக்கா?" என்று சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து இளித்தார். அடுத்த கணம் ஃபில்டரின் இடுக்கிலிருந்து எண்ணெய் விசிறியடித்தது. பலகையில், என் கவுனில், அவருடைய வெள்ளைச் சட்டையில்.

"நிறுத்துங்க. அந்தக் கம்பிய இழுங்க."

எஞ்சினை நிறுத்தும் கம்பி அவர் பக்கம்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். பிறகு இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, வழுக்காமல் இருக்க ஒரு முனையை வழக்கம்போல் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். பக்கத்துப் படகில் அதை ஓட்டும் ரவிகுமார் நின்றான். அவனும் வழக்கம்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் அடி காதோரம் விழுந்தது. பெல்ட்டின் பித்தளை கன்னத்தைக் கிழித்தது. இரண்டாவது முதுகில். நான் ஆசனத்தில் மோதி விழுந்தேன், வாய் முழுக்க இரத்தம். "வாய் கூடிப் போச்சுடி ஒனக்கு," என்று காலால் விலாவில் உதைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, எண்ணெய் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் என்னை அடிக்கிறார், நான் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே இரும்பு இரும்பைத் தட்டத் தொடங்கியிருந்தது. எண்ணெய் தீருகிறது என்று அர்த்தம்.

கம்பியை நோக்கித் தவழ்ந்தேன். தப்பி ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார். கையை முழுக்க ஓங்கி வீசினார். குறி தப்பியது. பெல்ட்டின் நுனி, மூடி கழற்றிக் கிடந்த எஞ்சினின் முன்பக்கத்தில், சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தில் விழுந்தது. சக்கரம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. கையில் சுற்றியிருந்ததால் அவரால் விடமுடியவில்லை. பெல்ட்டின் பின்னால் கையும் போனது. பச்சை மூங்கிலைப் பிளக்கிற சத்தம் கேட்டது. அவர் என் பெயரைச் சொல்லி அலறினார்.

அதற்குள் என் கை கம்பியில் இருந்தது. இழுத்தேன். எஞ்சின் நின்றது.

ரவிகுமார் இப்போது பாய்ந்து வந்தான். பெல்ட்டைக் கத்தியால் அறுத்துக் கையை வெளியே எடுத்தோம். விரல்கள் மூன்று நசுங்கித் தொங்கின. மிச்சமிருந்த பம்பர்ஸில் இரண்டை எடுத்து இறுக்கிச் சுற்றினேன். அவன் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

"அக்கா, நீங்களும் ஏறுங்க."

"நீ கூட்டிக்கிட்டுப் போ. இங்க வேல முடியல."

அவன் என்னைப் பேயைப் பார்ப்பது போல் பார்த்தான். பார்க்கட்டும். அடி விழும்போது பார்க்காத கண்தானே.

ஃபில்டரைப் பையோடு கழற்றினேன். சந்தனத்தைச் சுரண்டி, துடைத்து, வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினேன். அடியில் எண்ணெயும் அவருடைய இரத்தமும் என்னுடைய இரத்தமும் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றையும் பம்பர்ஸால் ஒற்றி, பிழியாமல் வாளியில் போட்டேன். எண்ணெயை நிரப்பி ஓடவிட்டேன். எங்கும் கசியவில்லை, அந்தத் தட்டல் சத்தமும் நின்றிருந்தது. கடைசியாகப் பம்பின் வயரைப் பூட்டினேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் விலா வலித்தது, உட்கார்ந்து அழுதேன்.

பின்னேரம் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், கன்னத்தைத் தைத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். அவர் கையைத் தலையணை அளவுக்குக் கட்டியிருந்தார்கள். மோகனராஜ் என்னைக் கண்டதும் கண் கலங்கினார்.

"நீ மட்டும் கம்பிய இழுக்காட்டி முழுக் கையும் போயிருக்கும். இவ்வளவு அடிச்சும் என்னயக் காப்பாத்துனியே. கட்டுனவ கட்டுனவதான்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் என் கன்னத்துத் தையலையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு கிழவி, "மகராசி" என்றாள். பேசாமல் இருந்திருந்தால் நல்ல பெயர் சும்மா கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெயரோடு நான் மறுபடி வீட்டுக்குப் போக வேண்டுமே.

"ஒங்களுக்காக இழுக்கல," என்றேன்.

"என்னா?"

"எண்ணெ இல்லாம ஓடுனா எஞ்சின் செத்துப் போயிரும். அதுக்குத்தான் இழுத்தேன்."

நான் சிரிப்பேன் என்று காத்திருந்தார். நான் சிரிக்கவில்லை. போர்வை விலகிக் கிடந்தது. சரிசெய்யலாம் என்று குனிந்தேன். நான் தொடுமுன்பே அவர், மிச்சமிருந்த நல்ல கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.